கைநாட்டு வைத்த தைரியம்

சின்னத்தம்பி பெரட்டுக்குப் போவதற்கு முன்பே அவனுடைய கவலைகள் அவன் முன்னால் பெரட்டுக்கு வந்து நின்றுவிடும். விடியற்காலையில் கங்காணி பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டு ஆளை எண்ணுவது தோட்டத்து வழக்கம். அதற்கும் ஒரு மணி நேரம் முந்தி, தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்து வாசலில் கரித்தூளை வைத்துப் பல் விளக்கிக்கொண்டே சின்னத்தம்பி தன்னுடையவற்றை எண்ணி முடித்திருப்பான். அடுப்பு அணைந்ததா? உளிக்குச் சாணை பிடித்ததா? மழை வருமா? வந்தால் பால் கரைந்து போகுமே. வராவிட்டால் கிணறு என்னத்துக்கு ஆகும்? கங்காணியின் பெரட்டில் ஒரு நாளாவது நாலு பேர் காய்ச்சல் என்று வராமல் இருப்பார்கள். சின்னத்தம்பியின் பெரட்டில் எல்லாரும் ஆஜர்.

மலாயாவின் குளுவாங்கிலிருந்து ஒன்பது மைல் செம்மண் பாதையில் போனால் கெம்பாஸ் தோட்டம். அங்கே அவனுக்கு முந்நூறு ரப்பர் மரம். ஒரு மரத்தை வெட்டிவிட்டு ஐந்து எட்டு வைத்ததும் திரும்பிப் பார்ப்பான், பால் பிடிக்கும் மங்கு சாய்ந்துவிட்டதோ என்று. இன்னும் ஐந்து எட்டு. பால் வெட்டுக்கோட்டை விட்டு வழிகிறதோ என்று மறுபடியும் திரும்புவான். முந்நூறு மரத்துக்கு அறுநூறு தடவை கழுத்து திரும்பினால் மனிதனுக்கு வேலை எப்படி ஓடும்? பட்டைக்கு அடியில் மரத்தின் உயிர் இருக்கிறது, உளி அதில் பட்டால் காயம். அந்தப் பயத்தில் அவன் மேலாகவே சீவுவான். அவன் வெட்டிய மரங்களில் காயம் இருக்காது. பாலும் அவ்வளவாக இருக்காது.

பக்கத்து நிரை அவன் பெண்டாட்டி கருப்பாயியுடையது. அவள் உளி, மாம்பழத்துத் தோல் சீவுகிற மாதிரி ஒரே இழுப்பாக இறங்கும். உயிருக்கு ஒரு நூல் மேலே நின்றுவிடும். திரும்பிப் பார்க்கிற பழக்கமே அவளிடம் கிடையாது. ஒருதரம் நிரைக்குக் குறுக்கே மலைப்பாம்பு கிடந்தபோது, விசேஷ வீட்டில் படுத்திருக்கும் பெரியவரைத் தாண்டுகிற மாதிரி சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு தாண்டிப்போய் அடுத்த மரத்தை வெட்டினவள்.

"கடவுள் ரெண்டு பேருக்கு வச்சிருந்த பயத்த ஒரே ஏனத்துல ஊத்திட்டாருப்பா" என்பான் வண்டிக்காரக் காளியப்பன்.

அவர்களுக்கு ஏழு மாதத்தில் ஒரு பெண் குழந்தை, சந்திரமதி. அதற்கு முன்னால் ஒன்று பிறந்து, கப்பலை விட்டு இறங்கியவர்களை அடைத்துவைக்கும் முகாமிலேயே போய்விட்டது. அதைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. சின்னத்தம்பி பேசாததற்குக் காரணம் எல்லாருக்கும் தெரியும். கருப்பாயி பேசாததற்கும் ஒரு காரணம் இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை, சின்னத்தம்பி உட்பட.

தாய்மார்கள் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை ஆயக்கொட்டகையில் விட்டுப் போவார்கள். அங்கே அந்தந்தத் தாயின் பழஞ்சேலைதான் அந்தந்தப் பிள்ளைக்குத் தூளி. பச்சைச் சேலை கருப்பாயியுடையது. அதற்குள் கிடப்பது சந்திரமதி. ஆயா கிருஷ்ணம்மா இந்த ஏற்பாட்டை வைத்தே பதினொரு பிள்ளைகளை மேய்த்துவந்தாள். சின்னத்தம்பி ஏதாவது ஒரு சாக்கில் நிரையிலிருந்து நழுவி வந்து, தூளி ஆடுகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு ஓடுவான்.

அன்றும் ஒன்பது மணிவாக்கில் வந்தான். முந்தின இரவு மழையில் அத்தாப்பு ஓலைக் கூரை ஒழுகி, பச்சைத் தூளிக்கு மேலே சொட்டியிருந்தது. கிருஷ்ணம்மா குழந்தையைத் தூக்கித் தன் சிவப்புச் சேலைத் தூளியில் போட்டிருந்தாள். காலியான பச்சைத் தூளியில், கோழி கிளறாமலிருக்க, பிள்ளைகளுக்கு அவிக்க வைத்திருந்த மரவள்ளிக்கிழங்கைக் கட்டி வைத்திருந்தாள். அவன் வந்த நேரம் பின்பக்கம் துணி அலசப் போயிருந்தாள்.

சின்னத்தம்பி தூளியைப் பார்த்தான். ஆடவில்லை. துணியோடு தொட்டான். சில்லென்று இருந்தது. அழுத்தினான். விறைத்திருந்தது.

விலக்கிப் பார்த்திருக்கலாம். பார்க்கத்தான் பயம். பார்க்காமலே ஓடினான்.

பெரட்டுக்களத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். ஒரு அடி அடித்தால் பெரட்டு. இரண்டு அடித்தால் பால் எடுக்க வேண்டும். நிறுத்தாமல் அடித்தால் புலி. சின்னத்தம்பி நிறுத்தாமல் அடித்தான். அடிக்க அடிக்க அழுதான், அழ அழ அடித்தான். நூற்றுநாற்பது பேர் உளியையும் வாளியையும் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். ஓடின ஓட்டத்தில் கவிழ்ந்த வாளிகள் போக, மீதிப் பால் மங்குகளிலேயே கிடந்து உறைந்தது. புலி எங்கே என்று எல்லாரும் கேட்க, கிருஷ்ணம்மா ஒரு கையில் சந்திரமதியும் மறு கையில் மரவள்ளிக்கிழங்குமாக வந்து நின்றாள்.

சந்திரமதி கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தது.

அன்று மத்தியானம் ஆபீசு வராந்தாவில் விசாரணை. துரை நாலு வார்த்தை சொன்னார். ஆபீசுத் தலைமைக் கணக்கரான பெரிய கிராணி தியாகராஜா அதை நாற்பதாக மொழிபெயர்த்தார். அவர் யாழ்ப்பாணத்து ஆள். இங்கிலீசு, கணக்கு, கையெழுத்து மூன்றிலும் கெட்டிக்காரர். வெயிலோ மழையோ இல்லாத நாளிலும் குடை பிடிப்பார். குடைக்கு உள்ளே இருப்பவர் யாரென்று ஜனங்கள் மறந்துவிடக் கூடாதல்லவா?

"துரை உன்னைத் தோட்டத்தை விட்டுப் போகச் சொல்லுறார்" என்றார் கிராணி. "இஞ்சயிருந்து விலத்தினவனைப் பக்கத்துத் தோட்டக்காரரும் எடுக்கமாட்டினம். விளங்குதோ?"

"ஐயா, கைப்பிள்ளைக்காரங்க. எங்கங்க போவோம்?"

கிராணிக்கு இரக்கம் உண்டு. ஆனால் அது காகிதத்தின் வழியாகத்தான் வெளியே வரும். துரையிடம் ஏதோ சொல்லி, மேசையில் உட்கார்ந்து, பேனாவை மூன்றுதரம் உதறி, ஒரு தாளை நிரப்பினார். பிறகு எழுந்து நின்று வாசித்தார்:

"கெம்பாஸ் தோட்டம் இரண்டாம் லயத்தில் வசிக்கும் பால்வெட்டு ஆள் சின்னத்தம்பியாகிய நான், இன்று தொடக்கம் புலி, பாம்பு, நெருப்பு, வெள்ளம், வியாதி, பேய் முதலான எதற்கும் அச்சங்கொள்ள மாட்டேன் என்றும், அங்ஙனம் அச்சங்கொள்ளக் காணப்படின் அன்று சூரியன் மறைவதற்குள் குடும்ப சகிதம் லயத்தைக் காலிசெய்து வெளியேறுவேன் என்றும் பூரண சுயபுத்தியுடன் இதனால் உறுதி கூறுகிறேன்."

சின்னத்தம்பி கைநாட்டு வைத்தான். வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டான்: "ஐயா, நெசமாவே புலி வந்துட்டா?"

கிராணி யோசித்தார். "ஓடலாம்" என்றார். "பயப்படாமல் ஓடு."

அதன் பிறகு சின்னத்தம்பி பட்ட பாடு கொஞ்சமல்ல. பயப்படுவது அவனுக்கு மூச்சு விடுகிற மாதிரி, சிரமமே இல்லாமல் நடந்துகொண்டிருந்த காரியம். பயப்படாமல் இருப்பதற்கு நாள் பூராவும் வேலை செய்ய வேண்டியிருந்தது. நெஞ்சை நிமிர்த்தி நடந்தான். திரும்பிப் பார்க்காமல் இருக்கத் துண்டைக் கழுத்தில் இறுக்கிக் கட்டிக்கொண்டான். ஆயக்கொட்டகைப் பக்கமே போகவில்லை.

காளியப்பனுக்கு இது நல்ல பொழுதுபோக்காயிற்று. "அண்ணே, காலடியில பாம்பு!"

"இருந்துட்டுப் போகட்டும்" என்பான் சின்னத்தம்பி, வேர்த்து ஊற்ற.

"அலமாக்! தைரியத்தப் பாருடா. கைநாட்டு வச்ச தைரியம்லா, கெட்டியாத்தான் இருக்கும்."

இருந்த பயங்கள் ஒன்றும் போகவில்லை. அவை போதாதென்று, பயப்படுவதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம் ஒன்று புதிதாக வந்து சேர்ந்தது. அதுதான் எல்லாவற்றுக்கும் கங்காணி மாதிரி முன்னால் நின்றது.

பத்துநாள் போயிருக்கும். ஸ்டோரில் பாலை ஊற்றிவிட்டு, வாளியைக் கழுவிக் கவிழ்த்து, இருவரும் மரத்தடியில் சோற்றுத்தூக்கைத் திறந்தார்கள். பழையசோறும் சுட்ட கருவாடும். கருப்பாயி கருவாட்டைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. அன்று அவள் மரங்களில் கங்காணி பதினொரு காயம் எண்ணியிருந்தார். ஆறு வருஷத்தில் அவள் பேரில் ஒரு காயம் கூட இருந்ததில்லை.

"கை வலிக்குதா?" என்றான் சின்னத்தம்பி.

"இல்ல."

"பின்ன, பதினோரு காயம் எப்படி?"

"திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டு வெட்டுனா காயம் படாம என்னாங்க செய்யும்?"

"நீ எதுக்குத் திரும்பிப் பாக்குற?"

கருப்பாயி கருவாட்டை இலையில் வைத்தாள். "காலையில கொட்டகைக்கு மூணுதரம் போயிட்டு வந்தேன். கிருஷ்ணம்மா சிரிக்கிறா. புருசன் விட்ட எடத்துல பொண்டாட்டி புடிச்சுக்கிட்டாளாம்."

"ஒனக்கு என்ன வந்துச்சு? நீ இப்படி இல்லியே."

"நீங்க வேலைய விட்டுட்டீங்கள்ல."

"எந்த வேலைய விட்டேன்? முந்நூறு மரமும் வெட்டிட்டுத்தானே வந்தேன்."

"பயப்படுற வேலைய." அவள் குரல் ஏறவில்லை. "அடுப்பு அணைஞ்சுச்சான்னு நீங்க நாலுதரம் பாப்பீங்க. சரி, ஒரு ஆளு பாத்துக்கிட்டு இருக்குன்னு நான் படுத்ததும் தூங்கிருவேன். புள்ள மூச்சு விடுதான்னு நீங்க மூக்குல வெரல வச்சுக்கிட்டு ஒக்காந்திருப்பீங்க. நான் ஏன் முழிக்கணும்? இப்ப நீங்க கல்லு மாதிரி படுத்திருக்கீங்க. யாராவது பாக்கணுமேன்னு நான் எந்திரிக்கிறேன். எந்திரிச்சா முகாம்ல போனது கண்ணு முன்னால வந்து நிக்குது."

அந்தப் பேச்சு அவள் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல்தரம். சின்னத்தம்பி வாய்க்குக் கொண்டுபோன கவளத்தை மறுபடி தூக்கிலேயே போட்டான்.

"நீ அத நெனக்கிறதே இல்லன்னு இருந்தேன்."

"நீங்க நெனச்சுக்கிட்டு இருந்தீங்க. எனக்கும் சேத்து." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "என்னைத் தைரியக்காரின்னு ஊரே சொல்லுது. ஒங்க தயவுல இருந்த தைரியம்ங்க அது."

"கல்லு மாதிரியா படுத்திருக்கேன்?" என்றான் அவன். "கண்ண மூடிக்கிட்டு முழிச்சிருக்கேன் புள்ள. பக்கத்து வீட்டுக்காரன் பாத்துக் கிராணிகிட்ட சொல்லிட்டா?"

கருப்பாயி அவனைப் பார்த்தாள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கக் கருவாட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் புதன்கிழமை. காலையிலிருந்தே வானம் ஈரச் சாக்கு மாதிரி தொங்கியது. மத்தியானம் கிருஷ்ணம்மா குழந்தையோடு லயத்துக்கே வந்துவிட்டாள். சந்திரமதியின் உடம்பு கொதித்தது. பால் குடிக்கவில்லை. கண் செருகிச் செருகித் திறந்தது. தோட்டத்துக்கு மருந்து கொடுக்கும் டிரெசர் வாரத்தில் இரண்டு நாள் வருவார். அடுத்து அவர் வரவேண்டியது வெள்ளிக்கிழமை.

கருப்பாயி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மலைப்பாம்பைத் தாண்டின கால் எழும்பவில்லை. "என்னாங்க" என்றாள். "ஒங்களுக்குப் பயமா இல்லையா? சொல்லுங்க. எனக்கு மட்டுந்தானா?"

சின்னத்தம்பி வாசலைப் பார்த்தான். நாலைந்து பேர் நின்றார்கள். "ஒண்ணுமில்ல" என்றான். குழந்தையை வாங்கித் துண்டில் சுற்றினான். லயத்து வாசல்களைத் தாண்டும்வரை, கோயிலுக்குப் போகிறவன் மாதிரி, அளந்து அளந்து நடந்தான். ஒவ்வொரு எட்டும் ஒரு மைல். ஸ்டோரைத் தாண்டி ஆள் மறைந்ததும் ஓடினான். கருப்பாயி பின்னாலேயே ஓடினாள்.

கிராணி அப்போதுதான் சாப்பிட்டு எழுந்து, வராந்தாவில் சாய்வுநாற்காலியில் இருந்தார். உள்ளே அவர் மனைவி யோகம் பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஐயா, புள்ளைக்கு நெருப்பா கொதிக்குது. குளுவாங் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். வண்டி வேணும்ங்க."

"பிள்ளையளுக்குக் காய்ச்சல் வாறது வழமைதானே? டிரெசர் வரட்டும்."

"வெள்ளிக்கிழம வரைக்கும் தாங்காதுங்க."

கிராணி நிமிர்ந்தார். "சின்னத்தம்பி, நீ பயப்படுறியோ?"

வாயில் 'இல்லைங்க' என்ற வார்த்தை தயாராக இருந்தது. பத்துநாளாக அதைத்தான் சொல்லிப் பழகியிருந்தான். அதைச் சொன்னால் லயத்து வீடு நிற்கும். அதைச் சொன்னால் வண்டி கிடைக்காது. துண்டுக்குள் குழந்தை ஒருதரம் முனகியது.

"ஆமாங்க ஐயா" என்றான். "பயப்படுறேன். அன்னைக்குக் கிழங்குக்குப் பயந்தேன், இன்னைக்குப் புள்ளைக்குப் பயப்படுறேன். கைநாட்டு வச்ச நாளுலேருந்து ஒரு நிமிசம் கூடப் பயப்படாம இருந்ததில்லீங்க. சாயங்காலத்துக்குள்ள லயத்தக் காலி பண்ணிடுறோம். வண்டிய மட்டும் குடுங்க."

கிராணி எழுந்தார். குடையைத் தேடினார். எடுத்தார், மறுபடி வைத்தார். "வண்டியிலை ரப்பர் ஷீட் ஏத்தியிருக்கு. நாளைக்கு விடியத்தான் ஸ்டேசனுக்குப் போகவேணும். இறக்கிறதெண்டால் துரை சொல்லவேணும். துரை ஜொகூர்பாருவுக்குப் போயிட்டார், நாளைக்குத்தான் வருவார். நான் எப்பிடி... என்ர உத்தியோகம்..." நெற்றியில் வேர்வை துளிர்த்தது. "துரை கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுறது? ஆரைக் கேட்டு விட்டனீ எண்டு கேட்டால்?"

சின்னத்தம்பி அவரைக் கூர்ந்து பார்த்தான். அந்த முகத்தை அவனுக்கு நன்றாகத் தெரியும். தினமும் கருக்கலில் தண்ணீர் வாளியில் பார்க்கிற முகம்.

உள்ளேயிருந்து யோகம் வந்தாள். குழந்தையின் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். "இஞ்சாருங்கோ" என்றாள் கணவனிடம். "எங்கட மூத்தவனுக்குக் காய்ச்சல் வந்த அண்டைக்கு நீங்கள் சாமியறைக்குள்ளை போய்க் கதவைப் பூட்டிப்போட்டு இருந்தனீங்கள். நான்தான் தனிய வண்டி பிடிச்சுக் கொண்டு போனனான். அப்ப உங்களிட்டை ஒருத்தரும் கைநாட்டு வாங்கேல்லை."

குடை இல்லாமல் பார்த்தால் கிராணி சாதாரண உயரம்தான்.

"ஐயா" என்றான் சின்னத்தம்பி. அவன் குரல் மாறியிருந்தது. பயந்தவனைத் தேற்ற அவனைவிடத் தேர்ந்தவன் யார்? "நீங்க கலங்காதீங்க. ஷீட்ட இறக்கவே வேணாம். புள்ளைய அது மேலயே வச்சுக் கொண்டு போறோம். வண்டி நாளைக்குப் போறது இன்னைக்கே போயிருச்சு, அவ்வளவுதான். துரை ஏன்னு கேட்டா மழையக் காட்டுங்க. ரெண்டு மணி நேரம் விடாம பேஞ்சா நாலாவது மைல் பாலம் முங்கிடும். முங்குனா மூணு நாளைக்கு ஷீட்டு இங்கயே கெடக்கும். அதான் முன்னாலயே அனுப்பிட்டேன்னு சொல்லுங்க."

"ஸ்டேசன்லை இண்டைக்கு எடுக்காட்டில்?"

"ஸ்டேசன் கொட்டகையில எறக்கி வைக்கலாம்ங்க. வடக்கு மூலை ஒழுகும், தெக்கு மூலையில வைக்கச் சொல்லணும்."

"பாலம் முங்காட்டில்?"

"முங்காட்டி நல்லதுதானுங்களே. ஷீட்டு ஒரு நாள் முந்தி போனதுக்கு யார் கோவிப்பா?"

"உனக்கு உதெல்லாம் எப்பிடித் தெரியும்?"

"ஆறு வருசமா நெனச்சுப் பயந்துக்கிட்டு இருக்கேங்க."

காளியப்பன் வண்டியைக் கட்டினான். பகடிக்கு வாய் திறந்தவன், குழந்தையின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டு, தன் சாக்கை எடுத்து மேலே விரித்தான். கருப்பாயி புகையடித்த ஷீட்டுகளின் மேல் ஏறிக் குழந்தையை வாங்கிக்கொண்டாள். யோகம் ஒரு போத்தலில் சுடுதண்ணீரும் கம்பளித் துண்டும் கொண்டுவந்து கொடுத்தாள்.

கிராணி வண்டிச் சக்கரத்தருகே வந்து, குரலைத் தாழ்த்தினார். "நான் கொஞ்சம் தடுமாறினதை ஒருத்தரிட்டையும் கதைக்காதை."

"நான் ஒண்ணும் பாக்கலீங்க ஐயா."

"அப்பிடியெண்டால் நீ பயந்ததை நானும் காணேல்லை. கெதியாப் போ."

வண்டி புறப்பட்டதுமே மழை பிடித்துக்கொண்டது. நாலாவது மைல் பாலத்துக்குக் கீழே அதற்குள் தண்ணீர் கரும்பழுப்பாகச் சுழித்துக்கொண்டு ஏறியது. சின்னத்தம்பி இறங்கி, மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நடத்திப் பாலத்தைக் கடத்தினான். அந்த மாடு மிரண்டால் எந்தப் பக்கம் சாயும் என்பதும் அவன் முன்னமே யோசித்த விஷயம். இடப்பக்கம்தான் நின்றான். மாடு மிரண்டது. பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, பயமா இல்லையா?" என்று காளியப்பன் மழையில் கத்தினான். இந்தமுறை கேலி இல்லை.

"இருக்குடா. பேசாம ஓட்டு."

அன்று இரவு பாலம் முங்கியது. அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் ஸ்டேசனுக்குச் சரக்குப் போய்ச் சேர்ந்தது கெம்பாஸ் தோட்டத்திலிருந்து மட்டும்தான். தண்ணீர் வடிந்து வந்து சேர்ந்த துரை, தியாகராஜாவின் முன்யோசனையை வியந்து கைகுலுக்கினார். கிராணி அதை மறுக்கவில்லை. மறுப்பதற்கு வேண்டிய தைரியம் அவரிடம் இல்லை. ஆனால் ஆபீசுக்குப் போய், ஒரு தாளைத் தேடி எடுத்து நாலாகக் கிழித்துவிட்டு, வெளியே வந்து அன்று குடை பிடிக்காமல் வீட்டுக்கு நடந்தார் என்று யோகம் பிறகு கருப்பாயியிடம் சொன்னாள்.

அதெல்லாம் பின்னால். வியாழக்கிழமை காலையில் குளுவாங் ஆஸ்பத்திரி வராந்தாவில் சின்னத்தம்பிக்கு இதொன்றும் தெரியாது. மழை விட்டிருந்தது. பெரிய டிரெசர் வந்து குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "காய்ச்சல் எறங்கிருச்சு, இன்னும் ரெண்டு நாள் மருந்து குடுக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். சந்திரமதி கருப்பாயியின் மார்பில் வாய் வைத்து, கொஞ்சம் இழுத்து, அப்படியே தூங்கிப்போனாள்.

கருப்பாயி சுவரில் சாய்ந்தாள். இரவு முழுக்க மூடாத கண்கள் சிவந்திருந்தன.

"எறங்குன காய்ச்சல் திரும்பி வருமா?" என்றாள்.

"வரும்னா வரும்" என்றான் சின்னத்தம்பி. "சாயந்திரம் ஒருதரம் ஏறும்னு வையி. ஏறுனா டிரெசர் எந்த ரூம்புல இருப்பாருன்னு கேட்டு வச்சிருக்கேன். அவரு இல்லன்னா எதுத்த வார்டுல நர்சம்மா. தண்ணி காய வைக்க ஒரு மலாய்க்காரம்மா கடை இருக்கு. நம்ம வீட்டுக் கதவு சாத்துனமான்னுதான் தெரியல. கோழிக்கூடு வேற திறந்து கெடக்கு. அந்த மாடு நேத்து நனைஞ்சுச்சே..."

கருப்பாயி குழந்தையை அவன் மடியில் மாற்றினாள். சேலையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டு, பலகையில் ஒருக்களித்துப் படுத்தாள்.

"சத்தமாவே நெனைங்க" என்றாள், கண்ணை மூடிக்கொண்டு. "கேட்டுக்கிட்டே தூங்குறேன்."